உள்ளங்கையில் ஒரு போர் விமானம்



சங்க நூல்களுள் ஒன்றான பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து வீதிக் காட்சி ஒன்று வருகிறது. வீட்டு முற்றத்தில் உணவு காய்கிறது. அதைக் கொத்த வந்த கோழியை விரட்ட, பெண்ணொருத்தி தன் காதிலே கிடந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டி விளையாடும் மூன்று காற் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. சோழநாட்டின் செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் இதைப் பாடினார் என்பர். எனக்கோ பொற்குழையைவிடச் சிறுதேரிலேதான் கண். பிற்காலத்தில் எழுந்த ஆண்பாற் பிள்ளைத்தமிழிலும் பத்துப் பருவங்களுள் கடைசிப் பருவம் சிறுதேர்ப் பருவமே.

தேர் என்பது கோயில் வீதியில் மட்டும் ஓடியதன்று. நால்வகைப் படையுள் அதுவும் ஒன்று. அரசன் ஏறிப் போருக்குச் சென்ற வாகனத்தையே தச்சன் சிறிதாக்கிப் பிள்ளையின் கையிலே கொடுத்தான். ஆகவே போரின் வாகனத்தைச் சிறிதாக்கி வைத்து அழகு பார்ப்பது இந்த நூற்றாண்டில் முளைத்த பழக்கமன்று.

இன்றைய பேச்சு அந்தச் சிறுதேரின் வழிவந்த ஒன்றைப் பற்றியது. பெட்டிக்குள்ளே துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களைப் பொருத்தி, வர்ணம் பூசி, இரண்டாம் உலகப் போர்க்கால விமானம் ஒன்றின் மாதிரியைச் செய்வது எப்படி என்பதைச் சொல்லப் போகிறேன். செய்து முடித்த ஒன்றை அலுமாரியில் வைத்தபோது எங்கள் வீட்டிலே எழுந்த ஒரு கேள்வியையும் முடிவில் சொல்வேன்.

பொம்மையும் மாதிரியும்

விளையாட்டுப் பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு அளவிலே இருக்கிறது. கடையில் விற்கும் பொம்மை விமானத்தில் சிறகு தடித்திருக்கும், சில்லு பெருத்திருக்கும். யாரும் குறை சொல்வதில்லை. மாதிரியிலோ ஒவ்வொரு பாகமும் ஒரே விகிதத்தில் சிறுத்திருக்க வேண்டும். மிகவும் வழக்கிலுள்ள விகிதம் 72இல் ஒரு பங்கு. ஆறு அடி என்பது 72 அங்குலம் அல்லவா? எனவே இந்த விகிதத்தில் ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். அடி, அங்குலக் கணக்கிலே வாழ்ந்த ஆங்கிலேயருக்கு இந்த எண் வசதியாக இருந்தது. அதுவே உலகம் முழுவதும் பரவி நிலைத்தும் விட்டது.

1930களில் இங்கிலாந்தில் மரத்தாலான மாதிரிகள் இந்த அளவிலே விற்கப்பட்டன. 1936இல் ‘புறொக்’ நிறுவனம் ‘பெங்குயின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் வகையாலான மாதிரிகளை வெளியிட்டது. போர் வந்ததும் இந்தச் சின்னஞ்சிறு விமானங்களுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. வானத்தில் பறப்பது நண்பனா பகைவனா என்பதை நொடிப்பொழுதில் அறிவதற்கு வீரர்களைப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காக 1942இல் ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி அந்நாட்டுக் கடற்படை கேட்டது. அவையும் 72இல் ஒரு பங்கு அளவினவே. 

ஆளை ஆள் அடையாளம் தெரியாமற் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. போர் தொடங்கி மூன்றே நாளில், 1939 செப்டெம்பர் 6ஆம் திகதி, இங்கிலாந்தின் கிழக்குக் கரைப் பக்கத்தில் பிரித்தானிய ‘ஸ்பிற்பயர்’ விமானங்கள் தம் சொந்தப் படையின் ‘ஹரிக்கேன்’ விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்திவிட்டன. விமானிகளுள் ஒருவர் மாண்டார். 

போருக்குப் பின்னர் இது வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகியது. ஹங்கேரியில் இருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் ‘எயர்பிக்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியபோது அது காற்றடைத்த இறப்பர் விளையாட்டுச் சாமான்களைத்தான் செய்தது. 1953இல் அது தன் முதலாவது விமான மாதிரியாக ஸ்பிற்பயரை வெளியிட்டது. அட்டைப் பெட்டிகூட இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு ஷிலிங்குக்கு விற்றார்கள். சிறுவனின் கைச்செலவுக் காசுக்குள் அடங்கிய விலை அது.

எதைச் செய்வது?

புதிதாகத் தொடங்குபவர்கள் நான்கு இயந்திரம் பூட்டிய பெரிய குண்டுவீச்சு விமானத்தின் பெட்டியைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஓர் இயந்திரம், ஓர் ஆள், இரண்டு சிறகு, அதுவே போதும். நான் எடுத்துக்கொண்டது ஹரிக்கேன். அதற்குக் காரணமும் உண்டு. இலங்கை வானத்தில் உண்மையிலே பறந்து போரிட்ட விமானம் அது.

சிட்னி காம் என்ற வடிவமைப்பாளரின் படைப்பான ஹரிக்கேன், 1935 நவம்பர் 6ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தது. 1940இல் பிரித்தானியாவின் வானத்தைக் காத்த போரில் பேர் தட்டிச் சென்றது ஸ்பிற்பயர். எண்ணிக்கையில் கூட நின்று பாரத்தைச் சுமந்ததோ ஹரிக்கேன். மொத்தம் 14,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அவற்றுள் 1,400க்கும் அதிகமானவை கனடாவிலே எல்சி மக்கில் என்ற பெண் பொறியியலாளரின் மேற்பார்வையில் உருவாயின.

அதன் உடலமைப்பை அறிந்துகொண்டாற்றான் மாதிரியைச் சரியாகச் செய்ய முடியும். ஸ்பிற்பயரின் உடல் முழுவதும் உலோகத் தகடு. ஹரிக்கேனின் பின்னுடலோ அப்படியன்று. உள்ளே உருக்குக் குழாய்ச் சட்டகம்; அதன்மேல் மரச் சட்டங்களும் நெடுக ஓடும் மெல்லிய மரக் கீற்றுகளும்; எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துப் போர்த்து மெருகெண்ணெய் பூசி இறுக்கிய துணி. நம் ஊரில் கொடி என்றும் பட்டம் என்றும் கட்டுகிறோமே, மூங்கிற் கீற்றின்மேல் கடதாசி ஒட்டி, ஏறக்குறைய அதே தத்துவந்தான். துணியென்று இளக்காரமாக எண்ண வேண்டாம். துப்பாக்கிக் குண்டு துணியைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். வந்திறங்கியதும் துண்டுத் துணி ஒட்டித் திரும்பப் பறக்க விடுவார்கள். மாதிரியின் பின்னுடலில் நீளவாக்கில் மேடு மேடாகத் தெரியும் வரிகள் அந்த மரக் கீற்றுகளே. இதை அறியாதவர் அச்சுப் பிழையென்று நினைத்துத் தேய்த்து மழித்துவிடுவார். அப்படி மழித்தவர்களுள் அடியேனும் ஒருவன்.

பொருத்தும் முறை

பெட்டியைத் திறந்தால் பாகங்கள் தனித்தனியே கிடப்பதில்லை. உருக்கிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிய வாய்க்கால்கள் இறுகிச் சட்டமாகி நிற்க, அவற்றிலே காய்கள்போலப் பாகங்கள் தொங்கும். முதல் வேலை, சட்டத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துவது. அச்சிலிருந்து கழலுவதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் பிடிக்காது.

பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் ஒன்றில் பாகம் முறியும், அல்லது குழி விழும். சிறிய வெட்டுக் குறட்டினால் சற்றுத் தள்ளி வெட்டி, மிகுதியைக் கூரிய கத்தியால் சீவி, மெல்லிய அரத்தாளால் தேய்க்க வேண்டும். குறடு இல்லாதவர்களுக்கு நகவெட்டி கைகொடுக்கும். சின்னப் பாகங்களை எடுக்கச் சாமணம் வேண்டும். கீழே விழுந்த ஒரு சில்லைத் தேடி அரைநாள் நிலத்திலே தவழ்ந்த அனுபவம் எனக்குண்டு. வேலை செய்யும் மேசையின்மேல் வெள்ளைத் துணி விரித்தால் அந்தத் தொல்லை குறையும்.

எந்தப் பாகத்தையும் பசை பூசுமுன் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். தையற்காரர் தைக்குமுன் நூலோட்டிப் பார்ப்பது போன்றது இது. இந்தப் பசையின் குணம் வேறு. கடதாசிப் பசை இரண்டு பொருளுக்கும் நடுவே நின்று ஒட்டுகிறது. பிளாஸ்டிக் பசையோ இரு பக்கத்து விளிம்பையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்க வைக்கிறது. பசை ஆவியாகிப் போனபின் எஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். எனவே பிழையாக ஒட்டினால் பிரித்தெடுப்பது கடினம். கூடப் பூசினால் மேற்பரப்பே உருகிப்போகும். ஈர்க்கு நுனியில் தொட்டு வைக்கும் அளவே போதும். பசையின் ஆவி தலையைச் சுற்றச் செய்யும். யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பிள்ளைகள் செய்வதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

தொடக்கம் விமானி அமரும் அறை. உடலின் இரண்டு பாதிகளையும் மூடிவிட்டால் பிறகு உள்ளே தூரிகை நுழையாது. ஆகவே இருக்கை, கட்டுப்பாட்டுத் தடி, மானிகள் பதித்த பலகை யாவற்றையும் முதலிலேயே பூசி வைக்க வேண்டும். பிரித்தானிய விமானங்களின் உட்புறம் சாம்பல் கலந்த பச்சை. மானிப் பலகை கறுப்பு. உலர்ந்த தூரிகையில் வெள்ளை வர்ணத்தைத் தொட்டு, கடதாசியில் துடைத்துவிட்டு, எஞ்சிய சொற்பத்தால் பலகையின் மேடுகளை வருடினால் மானிகளின் வட்டங்கள் தாமாகவே எழுந்து வரும். 

பின்னர் உடலின் பாதிகளைச் சேர்த்து இறப்பர் வளையம் மாட்டி ஓர் இரவு விட வேண்டும். அடுத்தது சிறகு. முன்னாலிருந்து பார்க்கையில் ஹரிக்கேனின் சிறகுகள் வெளிப்புறமாகச் சற்று மேல்நோக்கி எழுந்திருக்கும். இரு பக்கமும் ஒரே அளவு எழுந்திருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் பிசகு உண்மை விமானத்தில் ஏழு சென்ரிமீற்றருக்கும் மேல் என்பதை மறக்கலாகாது. 

பொருத்துகளில் தெரியும் வெடிப்பை நிரப்புக் களியால் மெழுகி, காய்ந்தபின் நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். இந்தத் தேய்ப்பு வேலையிலேதான் பலர் பொறுமை இழப்பர். வர்ணம் பூசினால் மறைந்துவிடும் என்று எண்ணுவர். அது மறைவதில்லை. சுவரின் வெடிப்புச் சுண்ணாம்பின் பின்னர் இன்னும் தெளிவாகத் தெரிவதைப் போல, வர்ணம் பூசியபின்தான் அது பல்லை இளிக்கும்.

வர்ணத்தின் கதை

மாதிரி செய்பவர்கள் நெஞ்சிலே அச்சத்தோடு அணுகும் கட்டம் இது. அச்சம் வேண்டியதில்லை, கணக்கு ஒன்று மனத்திலிருந்தால் போதும். நாம் பூசும் வர்ணம் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடித்தால், உண்மை விமானத்தில் அது ஏழு மில்லிமீற்றர் கனமான பூச்சு ஆகிவிடும். எந்த விமானத்துக்கும் அப்படிச் சாந்து பூசுவதில்லை. எனவே வர்ணத்தை நீர்ப்பால்போல இளக்கி, மெல்லிதாக இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். ஒரு பூச்சு முற்றாக உலர்ந்த பிறகே அடுத்தது. முதற் பூச்சில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம்.

வெளிர் நிறம் முதலில், கரிய நிறம் பிறகு என்பது விதி. 1940 கோடைகாலத்து ஹரிக்கேனின் அடிப்பக்கம், நீலமும் பச்சையும் இலேசாகக் கலந்த வெளிர் நிறம். கீழே நின்று நோக்குபவர் கண்ணுக்கு வானத்தோடு கலந்துவிட வேண்டும் அல்லவா? மேற்பக்கம் மண்ணின் கபிலமும் கரும்பச்சையும். மேலிருந்து நோக்கும் பகைவன் கண்ணுக்கு உழுத வயலும் மரச்சோலையுமாகத் தோன்ற வேண்டும். ‘ஹம்புறோல்’ வர்ணச் சிமிழ்களில் 29ஆம் இலக்கம் அந்தக் கபிலம். 30ஆம் இலக்கம் அந்தப் பச்சை. முழுவதும் கபிலத்தைப் பூசி, காய்ந்தபின் வளைவுகளைப் பென்சிலால் மெல்ல வரைந்து, பச்சையை உள்ளே நிரப்பலாம். இந்த வளைவுகள் ஓவியனின் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. படைத் தலைமையகம் வரைந்து கொடுத்த கோலம். ஒரு கோலத்தைக் கண்ணாடியில் பார்த்தாற்போல இடம் வலம் மாற்றிய மறுகோலமும் இருந்தது.

ஆண்டு தெரியாமல் வர்ணம் பூச முடியாது என்பதற்கு இதே விமானம் நல்ல உதாரணம். போர் மூண்ட காலத்தில் அதன் அடிப்பக்கத்தில் இடச்சிறகு கறுப்பு, வலச்சிறகு வெள்ளை. நிலத்தில் நிற்கும் சொந்தப் படையினர் அடையாளம் காண்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1941 ஓகஸ்டில் மேற்பக்கத்துக் கபிலம் போய்ச் சாம்பல் வந்தது. போர் வயல்வெளியை விட்டுக் கடலுக்கு மேலே நகர்ந்ததே காரணம். 

சிறகிலும் உடலிலும் உள்ள வட்டச் சின்னத்துக்கும் கதை உண்டு. நீலம், வெள்ளை, நடுவே சிவப்பு என்பது பிரித்தானிய முத்திரை. யப்பானிய விமானத்தின் முத்திரையோ தனிச் சிவப்பு வட்டம். பறக்கும் வேகத்தில் சிவப்பு மட்டுமே கண்ணில் பட்டால் ஆபத்து. எனவே பிற்பாடு ஆசியப் போர்முனையில் நடுச் சிவப்பையே அகற்றிவிட்டார்கள். 1942 ஏப்ரலில் இலங்கையில் நின்ற ஹரிக்கேன்களில் அந்தச் சிவப்பு இருந்தது. அதே விமானத்தை ஈராண்டு கழித்துச் செய்தால் இருக்கக் கூடாது.

பழைய புகைப்படத்தைப் பார்த்து நிறத்தைக் கண்டுகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். கறுப்பு வெள்ளைப் படம் நம்மை ஏமாற்றவும் கூடும். அக்காலத்தில் வழக்கிலிருந்த ஒருவகைப் படச்சுருளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. மஞ்சளும் கறுத்தே விழும். சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தும் படத்தில் அது கரிய வளையமாகத் தோன்றும். கண்ணால் கண்டதும் பொய் என்ற முதுமொழி இங்கே நூற்றுக்கு நூறு பொருந்துகிறது.

நம் நாட்டுச் சூட்டில் இன்னுமொரு சங்கதி. நீர்கலந்த வர்ணங்கள் தூரிகையிலேயே காய்ந்து கட்டிபட்டுவிடும். அடிக்கடி ஒரு சொட்டு நீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழை இருட்டும் மாலைகளில் வார்ணிஷ் பூசவே கூடாது. காற்றின் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, பூச்சு வெண்புகை படிந்தாற்போல வெளுத்துவிடும். காலை வெயில் நன்றாக ஏறியபின் பூசி, தூசி படாமல் ஒரு பெட்டியால் மூடி வையுங்கள்.

சின்னங்களை ஒட்டுமுன் மினுங்கும் வார்ணிஷ் ஒரு பூச்சு அவசியம். சொரசொரப்பான பரப்பிலே ஒட்டினால் ஒட்டுப்படத்தின் கீழே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் தங்கி, வெள்ளி பூத்தாற்போலப் பளபளக்கும். ஒட்டுப்படத்தைத் தனியே வெட்டி, இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, தாளிலிருந்து வழுகத் தொடங்கியதும் உரிய இடத்துக்குத் தூரிகையால் நகர்த்த வேண்டும். பஞ்சினால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றினால் நீர் வெளியேறிவிடும். மறுநாள் மினுக்கமில்லாத வார்ணிஷ் பூசினால் படமும் வர்ணமும் ஒன்றாகிவிடும்.

எஞ்சுவது உயிர் கொடுக்கும் வேலை. புகைபோக்கிகளின் பின்னால் கரிப்பொடியை விரலால் இலேசாக இழுத்துவிட்டால் பறந்து களைத்த தோற்றம் வரும். விமானி ஏறி இறங்கும் சிறகடியில் வர்ணம் கொஞ்சம் தேய்ந்திருக்கட்டும். வாலுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓடும் வானொலிக் கம்பியை எப்படிச் செய்வது? எறியவிருந்த அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுவாலைக்குச் சற்று மேலே பிடித்துச் சுழற்றுங்கள். அது இளகிப் பளபளத்ததும் விலக்கி, இரு பக்கமும் மெல்ல இழுத்தால் தலைமயிரிலும் மெல்லிய இழை கிடைக்கும். பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதமும் பிடிபடும். 

கடைசியாக வருவது விமானி அறையின் கண்ணாடி மூடி. இதிலே பிளாஸ்டிக் பசை பட்டால் கண்ணாடி மங்கிப்போகும். ‘சுப்பர் குளூ’வின் ஆவியும் வெள்ளையாய்ப் படியும். என் முதல் விமானத்தின் விமானி மூடுபனிக்குள் இருப்பவர்போல இன்றும் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கடதாசி ஒட்டும் வெள்ளைப் பசையே இதற்கு உகந்தது. காய்ந்தால் நிறமின்றித் தெளிந்துவிடும்.

1942இன் இரண்டு காலைகள்

நான் செய்த ஹரிக்கேனின் சிறகு முனைக்கு முனை பதினேழு சென்ரிமீற்றர். உண்மையில் அது நாற்பது அடி. அந்த நாற்பது அடி விமானங்கள் 1942 மார்ச் மாதத்தில் ‘இண்டொமிற்றபிள்’ என்ற தாங்கிக் கப்பலில் இருந்து பறந்து வந்து இலங்கையில் இறங்கின. இரத்மலானையிலும் சீனக்குடாவிலும் அவை நின்றன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலும் விமானத் தளமாயிற்று. ஹரிக்கேனின் சில்லுகள் உட்புறமாக மடிபவை. ஆகவே விரித்தால் அகலமாக நிற்கும். அவசரத் தளங்களில் இறங்க அது தோதாக இருந்தது.

ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலை வாவியில் இருந்து எழுந்த ‘கற்றலீனா’ விமானமொன்று யப்பானியக் கப்பற்படையை நடுக்கடலில் கண்டது. அதன் விமானி கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் செய்தி அனுப்பியவுடனேயே சுட்டு வீழ்த்தப்பட்டார். பிடிபட்டவர் 1945 வரை யப்பானிலே சிறையிருந்தார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. ஐந்து தாங்கிக் கப்பல்களோடு வந்த படையின் விமானங்கள் காலையிலே கொழும்பின் மேல் வந்தன. தளங்களுக்கு முன்னறிவிப்புக் கிடைக்கவில்லை. தலைக்குமேல் பகைவர் சுற்றும்போதே ஹரிக்கேன்கள் ஓடுபாதையில் ஓடி எழவேண்டியிருந்தது. உயரமும் வேகமும் இல்லாமல் எழுந்த அவற்றுள் ஏறத்தாழ இருபது அன்று வீழ்ந்தன. 

ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை. துறைமுகமும் சீனக்குடாத் தளமும் தாக்கப்பட்டன. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ‘ஹெர்மிஸ்’ என்ற தாங்கிக் கப்பல், ஒரு விமானமும் இல்லாத நிலையில் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு மூழ்கியது. 307 பேர் மாண்டனர். அந்தக் கப்பல் இன்றும் அங்கே ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

அலுமாரியில் எழுந்த கேள்வி

இவ்வளவும் படித்து, இவ்வளவும் செய்து, கண்ணாடி மூடி மட்டும் ஒட்டாமல் விமானத்தை அலுமாரியில் வைத்திருந்த நாளில் என் தங்கையின் மகள் வீட்டுக்கு வந்தாள். வன்னியிலே பிறந்து, போர்க் காலத்தில் பதுங்குகுழிக்கும் மரநிழலுக்கும் நடுவே படித்து வளர்ந்தவள். இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். அலுமாரிக்கு நேரே கிடந்த கதிரையில் இருந்தவள், கொஞ்ச நேரத்தில் எழுந்து முதுகைக் காட்டி மறுபக்கக் கதிரையில் இருந்தாள். நான் கவனித்ததைக் கண்டு அவளே கேட்டாள்.

“உதை ஏன் மாமா செய்யிறியள்? சத்தம் கேட்டாலே நாங்கள் ஓடின ஓட்டம் உங்களுக்குத் தெரியுந்தானே?”

என்னிடம் நல்ல விடை இருக்கவில்லை. சரித்திரம் என்றேன், கைவேலை என்றேன். இது குண்டு போட வந்ததல்ல, தடுக்க எழுந்தது என்றும் சொன்னேன். சொல்லும்போதே அந்தச் சமாதானம் எனக்குச் சப்பென்றிருந்தது. இதே வகை விமானம் வேறு முனைகளில் குண்டும் சுமந்தது என்பது எனக்குத் தெரியும். 

அவளுடைய மகனுக்குப் பத்து வயது. அவன் அதற்குள் அலுமாரியடியில் நின்று, “அம்மம்மா சொன்ன கிபிரோ இது?” என்று கேட்டான். இல்லை, இது உன் அம்மம்மாவும் பிறக்க முந்தினது என்று சொல்லி, கொழும்புக் கதையையும் மட்டக்களப்புக் கடற் கதையையும் சொன்னேன். ஓடுபாதையில் ஓடும்போதே சுடப்பட்டவர்களைப் பற்றிச் சொன்னபோது அவள் திரும்பினாள். கிட்ட வந்து குனிந்து திறந்திருந்த அறைக்குள் பார்த்தாள். இருக்கை வெறுமையாக இருந்தது. 

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியிலே ஓர் அங்குலமும் வராத விமானி உருவம் ஒன்று இருந்தது. உள்ளே நான் நுணுக்கமாகப் பூசிய மானிப் பலகையை அந்த உருவம் மறைத்துவிடும் என்று நினைத்து, அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். மாதிரி செய்யும் பலர் அப்படித்தான் செய்வர்.

“ஆள் எங்கை மாமா?” என்றாள். சொன்னேன்.

“அப்ப செய்யிறதெண்டால் ஆளை வைச்சுச் செய்யுங்கோ. ஆளில்லாமல் வைச்சால்தான் அது விளையாட்டுச் சாமான்.”

அன்றிரவு அந்த உருவத்தை எடுத்தேன். முகத்துக்கு ஒரு நிறம், தோல் தலைக்கவசத்துக்குக் கபிலம், உடைக்கு நீலம் கலந்த சாம்பல், மார்பில் மஞ்சள் மிதவைச் சட்டை. ஒற்றை மயிர்த் தூரிகையால் இரண்டு மணித்தியாலம் பிடித்தது. இருக்கையில் வைத்து ஒட்டியபோது எதிர்பார்த்தது போலவே மானிப் பலகை பாதி மறைந்து போயிற்று. அதன்மேல் கண்ணாடியை வெள்ளைப் பசையால் மூடினேன்.

நேயர்களே, சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை நீங்கள் அறிவீர்கள். சச்சந்தன் அதைச் செய்வித்தது போரிடுவதற்கன்று. கருவுற்ற மனைவி விசயையைப் பகைவரிடமிருந்து தப்புவிப்பதற்கு. அந்தப் பொறி இறங்கிய இடம் சுடுகாடு. அங்கேதான் சீவகன் பிறந்தான். வானத்தில் பறந்த அந்த அதிசயப் பொறியைப் பாடிய திருத்தக்கதேவர், அதற்குள் இருந்த பெண்ணை மறக்கவில்லை. பொறி இறங்கியதும் கதை அவளோடுதான் போகிறது.

நீங்களும் ஒரு விமானம் செய்ய முனைந்தால் சிறகை நேராக ஒட்டுங்கள், வர்ணத்தை மெல்லிதாகப் பூசுங்கள், ஆண்டறிந்து சின்னம் வையுங்கள். ஆளையும் உள்ளே இருத்துங்கள். 

அந்தச் சிறுவன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது தானும் ஒன்று செய்யப் போவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். கற்றலீனா வேண்டுமாம். கொக்கலை வாவியில் இறங்கிய அந்தப் பறக்கும் படகுக்கு எத்தனை ஆட்கள் என்று அவன் தாய் கேட்டாள். பேர்ச்சலோடு அன்று போனவர்கள் அவரையும் சேர்த்து ஒன்பது பேர் என்றேன். 

“அப்ப ஒன்பது பேரையும் பூச வேணும்” என்றாள்.